படிவத்தின் முதல் வரி

என் காக்காவை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது அவருடைய முகமல்ல, சணல் நூலில் கட்டிய ஒரு காந்தம். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். பழுதாய்ப்போன வானொலிப் பெட்டியைப் பிரித்து எடுத்த வட்டக் காந்தம் அது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுச் சாய்ந்தமருதுக் கடற்கரைக்குப் போய், தோணிகள் இழுத்துப் போட்டிருக்கும் இடத்தைத் தாண்டி, ஈர மணலில் அதை ஆட்டுக்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு நடப்பார். உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு படிக்கிற, மீசை அரும்பிய ஆண்பிள்ளை. பின்னால் ஒன்பது வயதுத் தங்கச்சியாக நான். ஐம்பது அடிக்கு ஒருமுறை காந்தத்தைத் தூக்கிப் பார்ப்பார். கறுப்பு மணல் மயிர் முளைத்ததுபோல ஒட்டியிருக்கும். அதை வழித்துக் கொப்பித்தாளில் மடித்து, எந்த இடத்தில் எடுத்தது என்று மேலே எழுதி என் கையில் தருவார். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருப்பவர்கள், இரும்புக்கடை எப்போது திறக்கப் போகிறாய் என்று பகிடி பண்ணுவார்கள். காக்கா சிரிப்பார். எனக்குத்தான் கோபம் வரும்.

அது கடலின் மணல் இல்லை என்று காக்கா எனக்குச் சொல்லித் தந்தார். உள்ளே மலைப்பக்கத்தில் கல்லாக இருந்தது, மழையில் கரைந்து ஆற்றோடு வந்து கடலில் விழுந்து, கடல் அதைக் கழுவிப் பிரித்துக் கரையில் போட்டிருக்கிறதாம். இதைப் படிப்பதற்கென்றே ஒரு பாடம் இருப்பதாகவும் சொன்னார். பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில் அதன் பெயரைக் காட்டினார்: புவிச்சரிதவியல். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டத்துக்குப் போனால் அதைப் பாடமாக எடுக்கலாம். அந்தச் சொல்லை என்னால் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. சொல்லி முடிக்கும்வரை காக்கா என்னை விடவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கத்தை வெளியூர்க்காரருக்குச் சொல்லியாக வேண்டும். இங்கே பெண் கலியாணம் முடித்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டை வாப்பா கட்டிக் கொடுக்க வேண்டும். வாப்பாவுக்கு ஏலாவிட்டால் ஆண்பிள்ளைகள் கட்ட வேண்டும். எத்தனை பெண்பிள்ளைகளோ அத்தனை வீடு. ஆண்பிள்ளை பிறந்தால் வீடு கட்ட ஆள் வந்துவிட்டது என்று பகிடியாகச் சொல்வார்கள். பகிடி என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் மூத்தவள் ராத்தா, அடுத்தது காக்கா, நீண்ட இடைவெளிக்குப் பிறகு நான். ஆக இரண்டு பெண்கள், ஓர் ஆண். வாப்பாவுக்குக் கல்முனை பஸாரில் ஒரு தையல் கடை. அந்த நாட்களிலேயே வாப்பாவின் கண் மங்கத் தொடங்கியிருந்தது, ஊசியில் நூல் கோர்க்க ஆள் தேட வேண்டியிருந்தது. கணக்கு எவருக்கும் விளங்கக்கூடியதுதான்.

காக்காவின் பெறுபேறு நன்றாக வந்தது. விண்ணப்பப் படிவத்தில் விரும்பும் படிப்புகளை வரிசையாக எழுத வேண்டும். முதல் வரியில் பேராதனை விஞ்ஞானப் பட்டத்தின் இலக்கத்தை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். அது கிடைத்தும் விட்டது. கடிதம் வந்த அன்று உம்மா வட்டிலப்பம் அவித்து அயலுக்குக் கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. கல்லைப் படிக்கவா இவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று வாப்பாவின் நண்பர் ஒருவர் கேட்டார். வாப்பா பெருமையாகத்தான் இருந்தார். அதற்குப் பதினைந்து நாள் கழித்து ராத்தாவுக்கு அட்டாளைச்சேனையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஆசிரியர், நல்ல குடும்பம். பெரியவர்கள் வந்து தேநீர் குடித்தார்கள், பெண்ணைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார்கள். போகும்போது ஒருவர் எங்கள் ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். இரண்டு நாளில் தரகர் வந்து, வீடு மட்டும் கொஞ்சம் பார்த்துக் கட்டினால் மற்றதெல்லாம் அவர்களுக்குச் சம்மதம் என்றார். மூன்று வருடம் பொறுப்பார்களாம்.

அடுத்த நாள் பகல் சாப்பாட்டை நான்தான் கடைக்குக் கொண்டுபோனேன். காக்கா வாப்பாவின் வெட்டும் மேசைக்கு முன்னால் நின்று, துணியில் கோடு போடும் சோக்கட்டியால் மேசையில் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பேராதனை: பல்கலைக்கழகம் திறக்கக் காத்திருப்பது ஒரு வருடம், படிப்பு நான்கு வருடம், அதற்குப் பிறகு வேலை தேடல். மற்றப் பக்கம் கியூ.எஸ். கட்டடம் ஒன்றுக்கு எத்தனை கல், எத்தனை மூடை சீமெந்து, எவ்வளவு கம்பி, என்ன செலவு என்று அளந்து கணக்கிடும் வேலையை ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கொழும்பில் ஒன்றரை வருடக் கோர்ஸ், முடித்ததும் கட்டார். எங்கள் தெருவில் மட்டும் ஐந்து பேர் அப்படிப் போயிருந்தார்கள். காக்கா இரண்டு பக்கத்தையும் கூட்டி, அடியில் ஒரு கோடு போட்டு, சோக்கட்டியை வைத்தார். வாப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார்.

"நீ யோசிச்சிச் செய் மனே" என்றார். பிறகு, அவசரத்துக்கு ஒரு காற்சட்டை வெட்ட வேண்டியிருந்ததால், மேசையை உள்ளங்கையால் துடைத்துவிட்டுத் துணியை விரித்தார்.

வாப்பாமீது எனக்குப் பலகாலம் கோபம் இருந்தது. கட்டாருக்குப் போக வேண்டாம், பேராதனைக்குப் போ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ராத்தா சொல்லியிருக்கலாம், எனக்கு அவசரமில்லை என்று. உம்மா சொல்லியிருக்கலாம். யாரும் காக்காவைப் போகச் சொல்லவில்லை என்பது உண்மை. யாரும் அவரைத் தடுக்கவுமில்லை. எங்களவர்கள் ஆண்பிள்ளையிடம் வீடு கட்டு என்று வாய்விட்டுக் கேட்பதில்லை, அது மரியாதைக் குறைவு. கேட்காமல் இருந்தாலே அவனுக்குக் கேட்டுவிடும். நானும்தான் என்ன செய்தேன்? வீட்டுக்கு நடந்து வரும்போது, கல்லுப் படிக்கப் போகவில்லையா என்று மட்டும் கேட்டேன்.

"கல்லு எங்க புள்ள போகப்போகுது?" என்றார் காக்கா. "பத்து வருசம் கழிச்சிப் போனாலும் அது அங்கதான் இரிக்கும்."

நான் அதை நம்பினேன். கல்லு காத்திருக்கும், பல்கலைக்கழகம் காத்திருக்காது என்று ஒன்பது வயதில் எனக்கு யார் சொல்வது? பதிவு செய்ய வேண்டிய திகதி வந்தது, போனது. காக்கா கொழும்பில் ஓர் அறையில் ஆறு பேரோடு தங்கிக் கோர்ஸ் படித்தார், பிறகு தோஹாவுக்கு விமானம் ஏறினார். அவர்கள் கேட்ட தவணை தவறவில்லை. ராத்தாவுக்கு மேல்மாடிக்குக் கொங்கிரீட் போட்ட வீடு எழும்பியது, கலியாணம் நடந்தது. கலியாணத்துக்குக் காக்கா பத்து நாள் லீவில் வந்து, பந்தல்காரனோடும் சமையல்காரனோடும் ஓடித் திரிந்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்தப் பத்து நாளில் அவர் ஒருமுறைகூடக் கடற்கரைக்குப் போகவில்லை. நான் கேட்டுப் பார்த்தேன், நேரமில்லை என்றார்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருடம் அவர் தோஹாவில்தான் இருந்தார். நாங்கள் பிரதான வீதிக்கு மேற்கே, வயல் பக்கம் என்பதால் எங்களுக்கு உயிர்ச்சேதமில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். கடற்கரைத் தெருக்களில் எங்கள் சொந்தக்காரர் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். காக்கா ஒவ்வொரு நாளும் அழைத்து அழுதார், பெயர் பெயராகக் கேட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரோடும் கதைத்து முடிந்தபின் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். தயங்கித் தயங்கி, வீதியோரம் ஒதுங்கிக் கிடக்கிற மணல் என்ன நிறம், கறுப்பா சாம்பலா, எவ்வளவு தடிப்பு, ஒரே படையா இரண்டு படையா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "வேணாம் புள்ள, நான் கேட்டத்த உம்மாக்கிட்டச் சொல்லாத" என்றார். அவ்வளவு பேர் மௌத்தான மண்ணைப் பற்றிக் கேட்டதற்கு அவர் வெட்கப்பட்டார். எனக்கு அது வெட்கமாகப் படவில்லை. சீமெந்தும் கம்பியுமாகப் போன அத்தனை வருடத்துக்குப் பிறகும் பழைய காக்கா உள்ளேயே இருக்கிறார் என்று அன்றுதான் கண்டுகொண்டேன், சந்தோசமாகக்கூட இருந்தது. அடுத்த நாள் போய் அளவுகோல் வைத்து அளந்தேன். இரண்டு படை இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை உம்மா பக்கத்தில் இருந்ததால் சொல்லக் கிடைக்கவில்லை.

பிறகு காக்காவுக்குச் சம்மாந்துறையில் கலியாணம் ஆனது. வழக்கப்படி அவர் மதினியின் வீட்டுக்குப் போனார். லீவில் வந்தால் அங்கேதான் தங்குவார், எங்கள் பக்கம் பகலில் வந்து போவார். ராத்தாவின் வீட்டுக் கூடத்தில், தான் கட்டிய சுவருக்கு முன்னால், கதிரையின் விளிம்பில் விருந்தாளி மாதிரி இருப்பார். மச்சான் தேநீர் கொண்டுவரச் சொல்வார். காக்கா வேண்டாம் வேண்டாம் என்பார். இதிலெல்லாம் பிழை காண ஒன்றுமில்லை, இதுதான் எங்கள் ஊர் ஒழுங்கு. ஆனாலும் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது.

நான் உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்ததே காக்காவால்தான். என் பெறுபேறு வந்தபோது அவருக்கு முதலாவது மகள் பிறந்து நடக்கத் தொடங்கியிருந்தாள். என் புள்ளிக்கு இரண்டும் கிட்டும் என்று தெரிந்தது: பேராதனை விஞ்ஞானப் பட்டம், அல்லது கொழும்புப் பக்கத்தில் கியூ.எஸ். பட்டம். காக்கா தொலைபேசியில் மிகத் தெளிவாகச் சொன்னார். என் வீட்டைப் பற்றி நான் யோசிக்கவே கூடாதாம், பின்வளவில் அத்திவாரம் போட அடுத்த வருடமே ஏற்பாடு செய்வாராம். படிப்பில் சம்பளத்தைப் பார்ப்பது ஆண்பிள்ளைகளின் தலையெழுத்தாம், எனக்கு அந்தக் கவலை வேண்டாமாம்.

"பேராதனைய மேல போடு" என்றார். "நீ படி. லீவுல வந்து உன்ட நோட்ஸ எடுத்து நான் வாசிப்பன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பின் அடியில் இருந்த ஆசை எனக்குக் கேட்டது. வயர் வழியாக வந்து காதில் சுட்டது. எனக்கும் அந்த ஆசை இல்லாமலில்லை. சிறுவயதில் கையில் வாங்கிய மணல் பொட்டலங்களை நான் மறந்துவிடவில்லை. பேராதனைக்குப் போய், மலையில் ஏறி, சுத்தியலால் கல்லைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று நானும் கனவு கண்டிருக்கிறேன். கனவு என்றால் படுக்கையில் காண்பது அல்ல. பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்துகொண்டு, மலையேறுகிற மகியங்கனைப் பாதை வளைவுகளைக் கண்ணால் வெட்டிப் பார்த்துக் கண்ட கனவு.

படிவம் என் முன்னால் மூன்று நாள் கிடந்தது. கைநூலை வாசித்து வாசித்து விளிம்பு சுருண்டுவிட்டது. அதில் ஒரு விதி உண்டு. வரிசையில் மேலே உள்ள படிப்புக்குப் புள்ளி போதுமென்றால் அதையே தந்துவிடுவார்கள், கீழே எழுதியதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். ஆக முதல் வரியில் எதை எழுதுகிறேனோ அதுதான் நான். நான் என் பங்குக்கு ஒரு கணக்குப் போட்டேன், வாப்பாவின் மேசையில் காக்கா போட்ட அதே கணக்கு. கியூ.எஸ். படித்தால் படிப்பு முடியும் முன்பே வேலை, வெளிநாட்டுக்குப் போகாமலே நல்ல சம்பளம். என் வீட்டை நானே கட்டிக்கொள்வேன். என் வீடு காக்காவின் தலையில் இல்லையென்றால் அவருக்கு அங்கே இருக்க என்ன காரணம்? நாலு வருடத்தில் ஊருக்கு வந்துவிடலாம். மதினியோடும் பிள்ளையோடும் இருக்கலாம், இங்கேயே ஒரு கட்டடக் கொந்தராத்து எடுத்துச் செய்யலாம். பென்சிலால் முதல் வரியில் பேராதனையின் இலக்கத்தை எழுதியிருந்தேன். அதை அழித்துவிட்டுக் கியூ.எஸ். இலக்கத்தைப் பேனையால் எழுதினேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காக்கா விட்டிருக்க மாட்டார் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

அனுமதி வந்ததும் அவருக்குச் சொன்னேன். பேராதனை கிடைக்கவில்லையா என்று கேட்டார். வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் குறைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். "நல்ல வேல, நல்ல சம்பளம். அல்ஹம்துலில்லாஹ்" என்றார் காக்கா. உம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்.

நான் போட்ட கணக்கில் பாதி சரியாக வந்தது. படிப்பு முடிந்து ஒரு கட்டட நிறுவனத்தில் சேர்ந்தேன். பின்வளவில் என் வீட்டை நானே கட்டினேன். ஒவ்வொரு தூணையும் நானே அளந்து, மேசனோடு சண்டை பிடித்துக் கட்டிய வீடு. எங்கள் தெருவில் தன் வீட்டைத் தானே கட்டிய முதல் பெண் நான்தான், அதில் எனக்கு நிறையவே பெருமை, இல்லையென்று சொல்லமாட்டேன். மறுபாதிதான் பிழைத்தது. காக்கா வரவில்லை. அடுத்த வருடம் என்றார், பிறகு இந்த வேலை முடியட்டும் என்றார், பிறகு அதைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்று கிழமை லீவு. வாப்பா மௌத்தானபோது ஜனாஸா அடக்கி அடுத்த நாள்தான் அவரால் வந்து சேர முடிந்தது. கபுறடியில் நின்றுவிட்டுப் போனார்.

நான் மதினிமீது பழி போட்டேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. அவருக்கு இரண்டும் பெண்பிள்ளைகள், அந்த இரண்டு வீட்டுக்காக மதினிதான் அவரை விடாமல் பிடித்து வைத்திருக்கிறார் என்று மனதுக்குள் வைதுகொண்டு திரிந்தேன். நான் என் பாரத்தை இறக்கி வைத்தேன், அவர் வேறொருவரின் பாரத்தைத் தூக்கிக்கொண்டார் என்று கோபம். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பிறகு அவர் அழைப்பார். கம்பியின் விலை, எங்கள் வேலைத்தளத்தில் கொங்கிரீட் வெடித்த கதை, அங்கே வெயிலில் வேலை நிறுத்தும் நேரம் என்று ஒரே தொழிலில் உள்ள இரண்டு பேர் கதைப்பதை நாங்களும் கதைப்போம். புவிச்சரிதவியல் என்ற சொல்லை இந்தப் பதினேழு பதினெட்டு வருடத்தில் நாங்கள் இருவரும் ஒருமுறையேனும் உச்சரித்ததாக எனக்கு ஞாபகமில்லை. அவரோடு மணிக்கணக்கில் கதைத்துவிட்டுப் போனை வைத்தபிறகுதான் எனக்கு அவரைப் பார்க்க மனம் தேடும். அந்தத் தேட்டம் அப்படித்தான், கதைத்தால் கூடும்.

போன மாதம் அவருடைய மூத்த மகளுக்கு உயர்தரப் பெறுபேறு வந்தது. நான் இப்போது அம்பாறைப் பக்கத்தில் ஒரு வீதி வேலையில் இருப்பதால் ஊரில்தான் இருக்கிறேன். அவள் சம்மாந்துறையிலிருந்து பஸ் பிடித்து, போனும் கையுமாக என் வீட்டுக்கு வந்தாள். இப்போது விண்ணப்பமெல்லாம் போனிலேயே நிரப்புவது. எங்களைப்போல அவள் மேசையில் சோக்கட்டியால் எழுதவில்லை. எந்தப் பட்டத்துக்கு என்ன சம்பளம், எந்த நாட்டில் எதற்கு ஆள் தேவை, பத்து வருடத்தில் எந்த வேலை இல்லாமல் போகும் என்றெல்லாம் அட்டவணை போட்டு வைத்திருந்தாள். அவளுக்குப் புள்ளிவிபரவியல் படிக்கத்தான் ஆசை, கணக்கென்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அதற்கு நான்கு வருடம். முதல் வரியில் அதை எழுதுவதா, கணினிப் படிப்பை எழுதுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை என்பதால் அந்த நேரம் காக்காவின் அழைப்பும் வந்தது. என் கையில் மா பிசைந்த ஈரம். அவள்தான் என் போனை எடுத்துச் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள். தான் இருப்பதைச் சொல்லாமல், சும்மா இருங்கள் மாமி என்று விரலால் சைகை காட்டினாள்.

காக்கா நேரே விசயத்துக்கு வந்தார். பிள்ளை உன்னிடம் வருவாள், கணினிப் படிப்பை மேலே போடச் சொல்லு, உன் சொல்லைத்தான் கேட்பாள் என்றார். பிடித்ததைப் படிப்பது, ஆசை, அதெல்லாம் கதைக்கு நல்லாயிருக்கும், சம்பளம் வேண்டும் என்றார். எனக்குள் எது அறுந்ததோ தெரியாது. என்னிடம் அதைச் சொல்லச் சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்தது என்று கேட்டேன். அன்று எனக்குப் பேராதனை கிடைத்திருக்கும், வெட்டுப்புள்ளிக்கு மேலே எனக்குப் புள்ளி இருந்தது, நான்தான் அதைக் கீழே போட்டேன், என் வீட்டுக்காக நீங்கள் அங்கே கிடக்கக்கூடாது என்றுதான் போட்டேன், நீங்கள் வருவீர்கள் என்றுதான் போட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லித் தீர்த்தேன்.

காக்கா இந்த முறை வெகுநேரம் எடுக்கவில்லை.

"தெரியும் புள்ள" என்றார். "அந்த வருசத்து வெட்டுப்புள்ளிய நான் பத்திரிகையில தேடிப் பாத்தன். நீ பொய் சொன்ன அந்தக் கிழமையே எனக்குத் தெரியும். உன்ட ஊட்டுக்குக் காசு சேத்துட்டு, நான் அந்த வருசம் முடிய ஊருக்கு வாறத்துக்குத்தான் இருந்தன். கம்பனியிலயும் சொல்லி வெச்சிருந்தன். நீ உன்ட படிப்பக் குடுத்து என்னக் கூப்பிட்டிருக்காய். அதுக்கு நான் வந்து உன்ட முன்னால இருந்து சோறு திண்டா நான் என்ன மனுசன்?"

அந்தச் சொற்களை என்னால் இன்னும் முழுதாக விழுங்க முடியவில்லை. அவர் வரட்டும் என்று நான் செய்த காரியம்தான் அவரை வரவிடாமல் வைத்திருக்கிறது. மதினி இல்லை, அவருடைய பிள்ளைகளின் வீடுகள் இல்லை. நான். வாப்பா கண் மூடும்போது காக்கா பக்கத்தில் இல்லாமல் போனதும் என்னால்தான். அந்தப் பென்சில் எழுத்தை அழிக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்காமல் விளங்கிக்கொள்வதைத்தான் எங்கள் குடும்பம் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தது. இனியாவது வாருங்கள் காக்கா என்றேன். இவளுடைய படிப்பு முடியட்டும், பிறகு வருகிறேன் என்றார். வழமைபோல உம்மாவுக்கு ஸலாம் சொல்லச் சொல்லிவிட்டு வைத்தார்.

நான் கழுவாத கையோடு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருமகள் அழவில்லை. அவள் தன் போனை எடுத்து, அந்த அட்டவணையை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தாள். பிறகு, தேங்காய் விலை கேட்பதுபோலக் கேட்டாள்.

"மாமி, இதுல எது கெதியா முடியிற படிப்பு?"

நான் கேள்விப்பட்டதிலேயே கொடூரமான கேள்வி அதுதான். நான்கு வருடத்துப் புள்ளிவிபரவியலை அவள் அந்த நிமிடமே கைவிட்டுவிட்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. எல்லாவற்றிலும் சீக்கிரமாக, மூன்று வருடத்தில் முடிகிற சாதாரணப் பட்டம் ஒன்று பட்டியலின் அடியில் இருந்தது, அவளுடைய விரல் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் என் போனில் காக்காவின் இலக்கத்தை அழுத்தி அவளுடைய கையில் திணித்தேன். "என்னட்டக் கேக்காத மகள். வாப்பாட்டக் கேளு" என்றேன்.

காக்கா எடுத்தார், நான்தான் என்று நினைத்து என்ன புள்ள என்றார். அவள் தன் குரலைக் காட்டி, என்னிடம் கேட்டதை ஒரு சொல்லும் மாற்றாமல் அவரிடம் கேட்டாள். அவர் திடுக்கிட்டது எனக்குக் கேட்டது. கெதியாக முடிகிறதை என்னத்துக்குத் தேடுகிறாய் என்று கேட்டார்.

"நீங்க ஊட்டுக்கு வாறத்துக்குத்தான் வாப்பா" என்றாள் அவள்.

வாப்பா, உம்மா, ராத்தா, நான், இத்தனை பேர் இருந்தும் இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் முடிவெடுக்கும் முன் வாய்விட்டுச் சொல்லாத சொல் அது. அவள் சொல்லிவிட்டாள். காக்கா என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது, அவள் போனை எடுத்துக்கொண்டு வளவுக்குப் போய்விட்டாள். உள்ளே வர அரைமணித்தியாலத்துக்கு மேலாயிற்று. கண் சிவந்திருந்தது. நேற்று அவளை அழைத்தபோதுதான், என்ன எழுதினாய் என்று கேட்டேன். கணினியும் எழுதவில்லை, புள்ளிவிபரவியலும் எழுதவில்லை, மூன்று வருடப் படிப்பையும் எழுதவில்லை என்றாள். வாப்பா தானும் ஊருக்கு வந்து பக்கத்தில் இருந்து பார்த்து நிரப்ப வேண்டுமாம், அதுவரை முதல் வரியில் கைவைக்காதே என்றிருக்கிறாராம். விண்ணப்பத்தின் கடைசித் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.